பதினெட்டு டிகிரி

சுவரில் மாட்டியிருந்த தெர்மாமீட்டர் 35 காட்டியது. மேசைமேல் இருந்த கம்ப்யூட்டரின் திரையில் பிராசஸர் வெப்பம் 18 டிகிரி என்று பச்சை எழுத்தில் இருந்தது. இரண்டுக்கும் நடுவில், துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தேன். 2020 மே மாதம், அக்னி நட்சத்திரம் தொடங்கிய வாரம். சிறுசேரியில் எங்கள் வீட்டின் மாடியறை அது. மேலே வெறும் தளம். காலை பத்து மணிக்கே சுவரில் முதுகு சாய்க்க முடியாது.

அப்படி ஓர் எண்ணை நான் முந்தைய வருடமும் பார்த்திருந்தேன். ஒரு நாளும் உறுத்தவில்லை.

கம்ப்யூட்டர் அண்ணனுடையது. 2013-ல் ரிச்சி தெருவில் கடை கடையாக ஏறி இறங்கிப் பாகம் பாகமாக வாங்கிவந்து, கூடத்தில் பாய் விரித்து அவனே பூட்டினான். ஏஎம்டி எஃப்எக்ஸ்-6300 பிராசஸர், ஆறு கோர், 95 வாட். அப்பா கேளம்பாக்கம் உப்பளத்தில் மேஸ்திரியாக இருந்தவர். வேலையை விட்டு வந்தபோது கைக்கு வந்த பணத்தில் ஒரு பங்கு அந்தக் கறுப்புப் பெட்டிக்குள் இருக்கிறது. அண்ணன் மஸ்கட்டுக்குப் போனபிறகு பெரும்பாலும் துணி போர்த்திக் கிடந்தது. எனக்கு வேலை சிப்காட் பூங்காவில், வீட்டிலிருந்து ஸ்கூட்டியில் பத்து நிமிடம். மார்ச் 24 இரவு ஊரடங்கு அறிவித்ததும் அந்தப் பத்து நிமிடப் பாதை அடைபட்டது. ஆபீஸ் டெஸ்க்டாப்புகளை வண்டியில் ஏற்றி வீடு வீடாக அனுப்பிக்கொண்டிருந்தார்கள். என் முறை வர நாளாகும் என்றார்கள். அதுவரை அண்ணனுடைய கம்ப்யூட்டர் வழியாக ஆபீஸ் மெஷினுக்குள் நுழைந்து வேலை செய்ய அனுமதி வாங்கினேன். துணியை எடுத்தேன்.

ஏப்ரல் ஒருவழியாக ஓடியது. மே பிறந்ததும் மதிய வேளைகளில் அணைய ஆரம்பித்தது. வீடியோ மீட்டிங்கில் பேசிக்கொண்டிருப்பேன். மவுஸ் இழுக்கும், குரல் விட்டு விட்டுக் கேட்கும், அப்புறம் திரை கறுத்துவிடும். யூபிஎஸ் விளக்கு எரிந்துகொண்டிருக்கும், மின்விசிறி சுற்றிக்கொண்டிருக்கும், கம்ப்யூட்டர் மட்டும் செத்துக் கிடக்கும். ஐந்து நிமிடம் விட்டுப் போட்டால் ஒன்றும் நடக்காதது போல எழுந்துவிடும். அந்த மாதங்களில் வேலை போனவர்களைப் பற்றித் தினமும் கேள்விப்பட்டுக்கொண்டிருந்தோம். மீட்டிங்கில் பாதியில் காணாமல் போகிறவள் என்ற பெயர் எனக்கு வந்துவிடக் கூடாது என்று பயந்தேன்.

இதே நோய் முந்தைய வருடமும் வந்தது. 2019 கோடையில் ஒரு படிப்புக்காக அதை எடுத்து ஓட்டியபோது இப்படியே அணைந்தது. ஓஎம்ஆரில் ஒரு கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் வெப்பம் காட்டும் புரோகிராமைத் திறந்து, “சிபியு 20 டிகிரிதான் இருக்கு, சூப்பரா கூலா இருக்கு. எஸ்எம்பிஎஸ்தான் போச்சு” என்றார். எஸ்எம்பிஎஸ் என்றால் உள்ளே மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் பெட்டி. 2,700 ரூபாய்க்குப் புதிது போட்டார். கடையில் ஏசி. அங்கே மணிக்கணக்காக ஓடியது. வீட்டுக்கு வந்து மூன்றாம் நாள் மறுபடி அணைந்தது. படிப்பும் முடிந்திருந்ததால் துணியைப் போர்த்திவிட்டேன்.

இந்த முறை நானே புரோகிராமைத் திறந்து வைத்துக்கொண்டு பார்க்க முடிவு செய்தேன். திறந்த உடனே அலாரம் அடித்தது. மதர்போர்டு சென்சார் வரிசையில் மூன்றாவது எண் சிவப்பில் 127 டிகிரி. எதிர்வீட்டுத் தம்பி, கம்ப்யூட்டர் சர்வீஸ் கற்றுக்கொண்டிருந்தவன், சத்தம் கேட்டு மாஸ்க்கோடு வாசலில் வந்து நின்றான். “அக்கா, ஆஃப் பண்ணுங்கக்கா! போர்டு எரிஞ்சிடும்” என்று பதறினான். நானும் சுவிட்சுக்குக் கையை நீட்டினேன்.

அப்பா படியேறி வந்தார். எண்ணைப் பார்த்தார். “நூத்தி இருபத்தேழா? தண்ணி நூறுலயே கொதிக்கும். பெட்டியத் தொறந்து கைய வெச்சுப் பாரு பாப்பா” என்றார்.

மின்சாரத்தை நிறுத்திப் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினோம். போர்டில் ஒவ்வோர் இடமாக விரல் முதுகை வைத்துப் பார்த்தோம். மின்சாரம் சீர்செய்யும் பகுதி மட்டும் நன்றாகச் சுட்டது. மற்ற இடமெல்லாம் வெதுவெதுப்புதான். எதுவும் கொதிக்கவில்லை, எதுவும் கருகி நாறவில்லை.

127 எங்கிருந்து வந்தது என்பது அன்றிரவே புரிந்தது. நான் டெஸ்டிங் வேலை செய்கிறவள். அந்த எண் எனக்கு முன்பே பழக்கமானது. எட்டு பிட்டில் பிளஸ், மைனஸ் இரண்டையும் எழுத வேண்டுமென்றால் மைனஸ் 128-லிருந்து 127 வரைதான் இடம். மதர்போர்டில் வெப்பம், விசிறி வேகம், வோல்டேஜ் மூன்றையும் கவனிக்க ஒரு தனிச் சிப் இருக்கிறது. அதில் வெப்பத்துக்கு மூன்று கால்கள் இருக்கும். போர்டு செய்த கம்பெனி இரண்டில் மட்டும் சென்சார் வைத்து மூன்றாவதைக் காலியாக விட்டிருக்கிறது. காலியான காலில் அளக்க எதுவும் இல்லை. சிப் தன் அளவுகோலின் விளிம்பில் போய் முட்டி நிற்கிறது. சில போர்டுகளில் இந்த விளிம்பில், சிலவற்றில் அந்த விளிம்பில், மைனஸ் 128. புரோகிராமுக்கு அதெல்லாம் தெரியாது. வந்த எண்ணுக்குப் பின்னால் டிகிரிக் குறியைப் போட்டு அலாரம் அடித்துவிடும்.

அந்த எண்ணைப் பட்டியலிலிருந்து நீக்குவது சின்ன வேலை. அண்ணன் விண்டோஸோடு உபுண்டுவும் போட்டு வைத்திருந்தான். அதில் எல்எம்-சென்சார்ஸ் என்ற கருவியின் அமைப்புக் கோப்பில் மூன்றாவது சென்சாரை விட்டுவிடு என்று ஒரு வரி எழுதினேன். சிவப்பு போயிற்று. தம்பிக்கு நிம்மதி. கம்ப்யூட்டர் மறுநாள் மதியமும் அணைந்தது.

அன்று சாயங்காலம் அப்பா மறுபடி திரைக்கு முன்னால் வந்து நின்றார். விரலால் தொட்டுக் காட்டினார். “இது இன்னா, பதினெட்டு?”

“அது பிராசஸருப்பா. கூலா இருக்கு.”

“ரூம் முப்பத்தஞ்சு. நீ வேர்த்துக் கொட்டிக்கிட்டு ஒக்காந்திருக்கிற. உள்ள ஏசி எதுனா வெச்சிருக்கானா?”

எனக்குப் பேச்சு வரவில்லை. பிராசஸரின் தலையில் ஒரு அலுமினிய ஹீட் சிங்க், அதன்மேல் ஒரு விசிறி. விசிறி அறைக் காற்றைத்தான் இழுத்து ஊதுகிறது. அறைக் காற்று 35 என்றால் எத்தனை வேகமாக ஊதினாலும் அதற்குக் கீழே எதுவும் குளிராது. ஈரத்துணியோ பனிக்கட்டியோ கம்ப்ரஸரோ இருந்தாலொழிய நடக்காது. உள்ளே மின்சாரத்தைத் தின்று சூட்டைக் கக்குகிற ஒரு பொருள் 35 டிகிரி அறையில் 18-ல் இருக்கவே முடியாது. பள்ளிக்கூடத்துப் பாடம் அது. படித்தவள் நான், கேட்டவர் அப்பா. கடைக்காரரும் நானும் அந்த எண்ணை நம்பியதற்கு ஒரே காரணம், அது நல்ல செய்தியாக இருந்தது. 127 பயமுறுத்தியதால் உடனே விசாரித்தோம். 18 சமாதானம் சொன்னதால் ஒரு வருடமாக யாரும் அதை விசாரிக்கவில்லை. 2,700 ரூபாய் போனது 127-ஆல் அல்ல.

முதலில் அறையின் 35 உண்மையா என்று பார்க்க நினைத்தேன். சுவர் தெர்மாமீட்டர் ஏதோ ஒரு மருந்துக் கம்பெனி காலண்டரோடு வந்தது. சுடுகிற சுவரிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. சுவரில் ஒட்டிய தெர்மாமீட்டர் பாதி சுவரைத்தான் சொல்லும். வானிலை ஆய்வு மையங்களில் தெர்மாமீட்டரை வெள்ளைச் சாயம் பூசிய, காற்று புகும் மரப்பெட்டிக்குள் நிழலில் தொங்கவிடுவது இதற்குத்தான். சென்னையில் 2003 மே 31 அன்று 45 டிகிரி பதிவானது என்றால், அது நுங்கம்பாக்கத்தில் நிழலில், காற்றில் எடுத்த அளவு. தார்ச்சாலையின் அளவு அல்ல.

அண்ணனின் பழைய மீன்தொட்டியில் ஒரு தெர்மாமீட்டர் இருந்தது. சின்னத் திரை, அதிலிருந்து ஒரு மீட்டர் கறுப்பு ஒயர், ஒயர் நுனியில் மிளகு அளவு சென்சார். பட்டன் பேட்டரி மாற்றியதும் உயிர் வந்தது. அதை நம்பலாமா? ஃபிரிட்ஜிலிருந்து ஐஸ் எடுத்துத் துணியில் சுற்றிக் குழவியால் தட்டி, டம்ளர் நிறையப் போட்டு, இடுக்குகள் நிறையும் அளவுக்குத் தண்ணீர் ஊற்றிக் கலக்கினேன். ஐஸும் தண்ணீரும் கலந்து இருக்கும்வரை அந்தக் கலவை பூஜ்யத்தில்தான் நிற்கும். அறை எத்தனை சூடாக இருந்தாலும் முதலில் ஐஸ்தான் கரையும். சென்சாரை நடுவில் தொங்கவிட்டு மூன்று நிமிடம் காத்திருந்தேன். 0.6 காட்டியது. போதும்.

பக்கத்தில் நின்று பார்த்த அப்பா எழுந்துபோய் பீரோவிலிருந்து ஒரு துணிச்சுருளை எடுத்து வந்தார். பிரித்தால் உள்ளே கண்ணாடிக் குழல்: அடியில் ஈயக் குண்டுகள், கழுத்தில் கோடு கோடாக அளவு. உப்பளத்தில் டிகிரி பார்க்கிற ஹைட்ரோமீட்டர். சின்ன வயதில் நான் தொடக்கூட விடமாட்டார்.

“இதுக்கும் இப்பிடித்தான். நல்ல தண்ணியில விட்டா பூஜ்யம் காட்டணும். மழத்தண்ணி புடிச்சு வெச்சு வருசா வருசம் பாப்போம்” என்றார்.

உப்பளத்துக்காரர்களுக்கு டிகிரி என்றால் வெப்பம் இல்லை, தண்ணீரின் அடர்த்தி. கடல் தண்ணீர் 3 டிகிரியை ஒட்டி உள்ளே வரும். பாத்தி பாத்தியாக வெயிலில் வற்றி, 25-க்கு வரும்போது உப்பு பூக்கத் தொடங்கும். 29, 30 ஆகிவிட்டால் மிச்சத் தண்ணீர் கசப்பு. அதை வெளியே விட்டாக வேண்டும், இல்லையென்றால் உப்பும் கசக்கும். இந்தக் கணக்கெல்லாம் எனக்குக் கொஞ்சம் தெரியும். தெரியாத ஒன்றை அன்று சொன்னார். ஒரே பாத்தித் தண்ணீர் விடியற்காலையில் ஓர் அளவும் மதியம் இரண்டு மணிக்கு வேறு அளவும் காட்டுமாம். சூடான தண்ணீர் இளகி லேசாகிவிடுவதால் குழல் கொஞ்சம் அதிகமாக அமிழும். அளவு குறைத்துக் காட்டும்.

“மத்தியானம் 24-ன்னு காட்டுனா ஏறக்கொறைய 25-ன்னு வெச்சிக்கணும். புதுசா வந்தவன் 24-ன்னு எழுதிட்டுப் போயிடுவான். சாயங்காலம் வந்து பாத்தா உப்பு எறங்கிக் கெடக்கும்.”

“அப்ப கருவி தப்புதானேப்பா?”

“கருவி தப்பு இல்ல. அது எந்தச் சூட்டுக்குச் செஞ்சதுன்னு மேலயே எழுதியிருக்கும். படிக்கணும்.”

அந்தப் பேச்சுக்குப் பிறகுதான் பிராசஸர் சொல்லும் எண் எந்தச் சூட்டுக்குச் செய்தது என்று தேடினேன். லினக்ஸில் ஏஎம்டி பிராசஸரின் வெப்பத்தைப் படிக்கும் கே10டெம்ப் என்ற டிரைவரோடு ஒரு விளக்கக் குறிப்பு வருகிறது. அதில் மூடி மறைக்காமல் எழுதியிருக்கிறார்கள்: இந்த எண் உண்மையான வெப்பநிலை அல்ல, விசிறியையும் குளிரூட்டலையும் ஆட்டிவைப்பதற்காக வைத்துக்கொண்ட ஒரு கற்பனை அளவுகோல், டிகிரி என்று பெயர் இருந்தாலும் பிராசஸரின் எந்த இடத்தையும் அது நேரடியாகக் குறிக்காது. ஆபத்தான உச்சத்துக்கு இன்னும் எவ்வளவு தூரம் இருக்கிறது என்பதுதான் அதன் வேலை. உச்சத்தை நெருங்கும்போது அது ஓரளவு ஒழுங்காகச் சொல்லும். சும்மா இருக்கும் நேரத்தில் வாய்க்கு வந்ததைச் சொல்லும். எங்கள் பெட்டி ஒரு விடியற்காலையில் 11 டிகிரி காட்டியது. மார்கழியில்கூடச் சிறுசேரியில் 11 டிகிரி விடிந்ததில்லை.

இது ஏஎம்டியின் பழைய பிராசஸர்களோடு நிற்கிற கதையும் அல்ல. இன்டெல் பிராசஸருக்குள் இருக்கும் சென்சாரும் உச்சத்திலிருந்து எத்தனை டிகிரி கீழே இருக்கிறேன் என்றுதான் எண்ணுகிறது. புரோகிராம் அந்த எண்ணை உச்ச வெப்பத்திலிருந்து கழித்து நமக்குக் காட்டுகிறது. கோர் 2 காலத்தில் டெஸ்க்டாப் பிராசஸர்களின் அந்த உச்சத்தை இன்டெல் வெளியிடாமல் வைத்திருந்தது. புரோகிராம் எழுதியவர்கள் 85 என்றும் 95 என்றும் 100 என்றும் ஊகித்துப் போட்டார்கள். ஒரே கம்ப்யூட்டருக்கு இரண்டு புரோகிராம் இரண்டு வெப்பம் காட்டியது. 2008-ல்தான் கம்பெனி எண்களைச் சொல்லத் தொடங்கியது. 2017-ல் ஏஎம்டியின் ரைசன் வந்தபோது எதிர்ப்பக்கத்துக் குழப்பம்: 1700எக்ஸ், 1800எக்ஸ் இரண்டும் உண்மையைவிட 20 டிகிரி கூட்டிச் சொல்லும்படி செய்திருந்தார்கள், எல்லா மாடல்களிலும் விசிறி ஒரே கொள்கையில் சுற்றட்டும் என்பதற்காக. தெரியாமல் வாங்கியவர்கள் ஹீட் சிங்கைக் கழற்றிக் கழற்றி மாட்டினார்கள்.

ஒரு தோழி, “அப்போ 18-உடன் ஒரு 20 கூட்டிக் காட்டச் சொல்லிடேன், கோப்பில் ஒரு வரிதானே” என்றாள். முடியும். நான் செய்யவில்லை. கீழே 20 குறைத்துச் சொல்கிற அளவுகோல் மேலே ஏறஏறச் சரியாகிக்கொண்டே போகிறது. நிலையாக 20 கூட்டினால் தாழ்வில் சரியாகத் தெரியும், உச்சத்தில் பொய் சொல்லும். எனக்கு வேண்டியது உச்சத்துச் சேதி.

அதனால் வேறு வழியில் போனேன். ஒரு நொடிக்கு ஒரு முறை எல்லா எண்களையும் ஒரு கோப்பில் எழுதிக்கொண்டே இருக்கும்படி இரண்டு வரியில் ஒரு ஸ்கிரிப்ட் போட்டேன். அணைந்து எழுந்தபின் கோப்பின் கடைசி வரிகளைப் படிக்கலாம் அல்லவா? கூடவே பழைய டைரியில் கையால் ஒரு பட்டியல்: மீன்தொட்டித் தெர்மாமீட்டர் காட்டும் அறைச் சூடு, கடல்காற்று வந்த நேரம், அணைந்த நேரம்.

கடல்காற்றை எழுதியதற்குக் காரணம் உண்டு. சிறுசேரியில் மே மாதப் பகலை அதுதான் தீர்மானிக்கிறது. கிழக்கே சில கிலோமீட்டரில் கோவளம் கடல். நடுவில் உப்பங்கழியும் பக்கிங்காம் கால்வாயும். பதினொன்றரைக்கெல்லாம் காற்று திரும்பிவிட்டால் ஜன்னல் திரை உள்பக்கம் உப்பும், உடம்பில் பிசுபிசுப்பு ஏறும், வெப்பம் சட்டென்று இறங்கும். மேற்குக் காற்று விடாப்பிடியாக நின்று கடல்காற்றைத் தடுத்தால் இரண்டு மணி, மூன்று மணிவரை அனல்தான். பதினொரு நாள் பட்டியல் சேர்ந்ததும் எடுத்துப் பார்த்தேன். காற்று நண்பகலுக்கு முன் வந்த ஐந்து நாளும் கம்ப்யூட்டர் அணையவில்லை. தாமதமான ஆறு நாளில் ஐந்து நாள் அணைந்திருந்தது. எஸ்எம்பிஎஸ் போயிருந்தால் அதற்குக் காற்று எந்தத் திசையில் அடித்தால் என்ன? சூடுதான். இனி, எந்தச் சூடு?

கோப்பின் கடைசி வரிகள் அதைச் சொல்லின. சும்மா இருக்கும்போது பிராசஸர் 19, சாக்கெட்டுக்கு அடியில் போர்டில் இருக்கும் சென்சார் 47. மீட்டிங் தொடங்கித் திரையைப் பகிர்ந்ததும் பிராசஸரின் எண் ஏழெட்டு நொடியில் 50-ஐத் தாண்டுகிறது. அப்புறம் 60, 66, 71. அத்தோடு கோப்பு முடிந்துவிடுகிறது. டிரைவர் அதற்கு எழுதிவைத்த மேல் எல்லை 70. அந்த நேரம் முழுக்கப் போர்டின் சென்சார் 47-லிருந்து 55-க்குத்தான் ஏறியிருந்தது. எண்ணைவிட அது ஏறிய வேகம்தான் என்னை நிறுத்தியது. அலுமினியக் கட்டி தலையில் இருக்கும்போது வெப்பம் மெல்ல ஏற வேண்டும். கட்டியையும் சேர்த்துத்தானே சுட வைக்க வேண்டும்? அடுப்பில் காலிப் பாத்திரம் வைத்த மாதிரி ஏறுகிறது என்றால், பிராசஸருக்கும் ஹீட் சிங்கிற்கும் நடுவில் எங்கோ தொடர்பு விட்டிருக்கிறது.

அதை உறுதி செய்ய ஹீட் சிங்கின் வெப்பம் வேண்டும். சித்தப்பா பக்கத்து அடுக்குமாடிக் குடியிருப்பில் செக்யூரிட்டி. நெற்றிக்கு நேரே பிடித்துச் சுடுகிற தெர்மாமீட்டர் துப்பாக்கி அவரிடம் இருந்தது. ஷிப்ட் மாறும்போது ஒரு நாள் எடுத்து வந்தார். அது பற்றி அவருக்கே நிறைய அனுபவம். ஏசி காரில் இறங்குகிறவருக்கு 31 காட்டும், வெயிலில் நடந்து வருகிற வேலைக்காரம்மாவுக்கு 38 காட்டும். “அந்தம்மாவைத் திருப்பி அனுப்பச் சொன்னாங்கம்மா. நான் வேப்பமரத்தடியில அஞ்சு நிமிஷம் ஒக்கார வெச்சு மறுபடி பாத்தேன், முப்பத்தாறு. உள்ள விட்டேன்” என்றார். ஒரு நாள் கூலி அந்த ஐந்து நிமிட நிழலில் பிழைத்தது. அந்த எண்ணைப் பார்த்ததும் நம்பாமல், அந்த அம்மாளின் முகத்தைப் பார்த்த சித்தப்பாவை நினைத்தால் இன்றும் எனக்கு மனசு நிறைகிறது.

துப்பாக்கியை உடம்பு அளவிலிருந்து பொருள் அளவுக்கு மாற்றி, கம்ப்யூட்டர் ஓடும்போதே ஹீட் சிங்கின் பளபளப்பான பக்கத்தில் பிடித்தேன். 35. அறையின் சூடு அப்படியே. அந்த எண்ணையும் உடனே ஏற்க மனம் வரவில்லை. அந்தக் கருவி பொருளிலிருந்து வரும் வெப்பக் கதிரைத்தான் படிக்கிறது. பளபளப்பான அலுமினியம் தன் கதிரை மிகக் கொஞ்சமாகத்தான் வெளிவிடும். கண்ணாடி மாதிரி எதிரில் இருப்பதைப் பிரதிபலிக்கும். அப்போது நாம் அளப்பது எதிர்ச் சுவரை. கம்ப்யூட்டரை நிறுத்தி, ஹீட் சிங்கின் ஓரத்தில் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒரு சின்னத் துண்டு ஒட்டி, மறுபடி ஓடவிட்டு அந்தத் துண்டின்மேல் பிடித்தேன். 38. திரையில் அந்த நொடி பிராசஸர் 64. அணைந்ததும் விரலால் தொட்டேன். குழந்தைக்கு ஊட்டும் பால் சூடுகூட இல்லை. உள்ளே வெந்துகொண்டிருக்கிறது, மேலே தட்டு சூடாகவே இல்லை.

அன்றிரவு மஸ்கட்டுக்கு வீடியோவில் கூப்பிட்டேன். அண்ணனும் அங்கே அறையில் அடைபட்டுக் கிடந்தான். விமானம் இல்லை, வேலை பாதி நாள்தான். நான் சொன்னதைக் கேட்டு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். அப்புறம், “பாப்பா, எடது பக்கம் கொக்கி மாட்டுற பிளாஸ்டிக் காது ஒண்ணு இருக்கும், பாரு. பூட்டுன அன்னிக்கே அத ஒடச்சிட்டேன். அப்பா பணம்… சொல்லப் பயந்துகிட்டு கேபிள் டை போட்டு இறுக்கிட்டேன்” என்றான்.

பின்னால் நின்ற அப்பா கேட்டுக்கொண்டுதான் இருந்தார். ஒன்றும் சொல்லவில்லை. டார்ச்சை எடுத்து என் கையில் கொடுத்தார்.

வெளிச்சம் பட்டதும் தெரிந்தது. ஹீட் சிங்கை அழுத்திப் பிடிக்கும் இரும்புப் பட்டையின் ஒரு முனை ஒழுங்காக மாட்டியிருந்தது. மறுமுனையில் கேபிள் டை. ஏழு வருடச் சூட்டில் மஞ்சளித்து, நீண்டு, தளர்ந்து போயிருந்தது. விரலால் அசைத்தால் ஹீட் சிங்க் ஒரு பக்கம் லேசாக எழும்பியது. இடையில் ஒரு தாள் நுழையும். அந்தத் தாள் கனத்துக் காற்றுதான் இரண்டு கோடையைத் தின்றது.

மறுநாள் கழற்றினோம். கழற்றும் முன் கால் மணி நேரம் ஓடவிட்டுச் சூடேற்றிக்கொண்டோம். இரண்டுக்கும் நடுவில் சூட்டைக் கடத்தப் பூசிய தெர்மல் பேஸ்ட் காய்ந்து பிடித்துக்கொண்டு, ஹீட் சிங்கோடு பிராசஸரும் சாக்கெட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்துவிடும், அடியில் இருக்கும் தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்ட ஊசிகள் வளைந்துவிடும் என்று தம்பி எச்சரித்திருந்தான். அணைத்து, ஒயரைப் பிடுங்கி, இழுக்காமல் இடமும் வலமுமாக மெல்லத் திருகினேன். விட்டுக்கொடுத்தது. பாதிப் பரப்பில் பழைய தெர்மல் பேஸ்ட் காய்ந்த சுண்ணாம்பாக உதிர்ந்தது, மறுபாதியில் தூசி. அலுமினியத் தகடுகளின் ஓரமெல்லாம் வெள்ளைப் பொடி பூத்திருந்தது. கடலோர ஊரில் எந்த உலோகமும் அப்படியே இருப்பதில்லை. சானிடைசரால் துடைக்கப் போனேன்; அதில் கிளிசரின் இருக்கிறது, பிசுக்குத் தங்கிவிடும் என்று நினைவு வந்து கீழே வைத்தேன். ஊரடங்கிலும் மருந்துக்கடை திறந்திருந்தது. சர்ஜிக்கல் ஸ்பிரிட் கிடைத்தது. பழைய பேஸ்டை வழித்து இரண்டு பரப்பும் முகம் தெரியும்படி துடைத்தேன்.

ரிச்சி தெரு பூட்டிக் கிடந்தது. உடைந்த காதுக்கு மாற்று வாங்க வழியில்லை. தம்பி பாதி தீர்ந்த பேஸ்ட் சிரிஞ்சைக் கொண்டுவந்து வாசல் திண்ணையில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றான். பிராசஸர் நடுவில் துவரம்பருப்பு அளவு வைத்தேன். காதுப் பிரச்சினையை அப்பா எடுத்துக்கொண்டார். பழைய மோட்டாரிலிருந்து எனாமல் பூசிய தடித்த செம்புக் கம்பி வைத்திருந்தார். அதன்மேல் ஒயர் உறையை நுழைத்து, எதிலும் உரசாதபடி, பட்டையின் முனையையும் போர்டோடு திருகி இறுக்கிய பிளாஸ்டிக் சட்டத்தையும் சேர்த்து மூன்று சுற்று சுற்றினார். குறடால் முறுக்க ஆரம்பித்தார். உப்பு அரித்து வெடித்துப் போன விரல்கள். நகங்கள் இன்னும் முழுதாக வளரவில்லை. அரை முறுக்கு முறுக்குவார், நிறுத்துவார், ஹீட் சிங்கை அசைத்துப் பார்ப்பார், மறுபடி அரை முறுக்கு. மடையில் பலகையைச் செருகி, தண்ணீர் கசிகிறதா என்று பார்த்துப் பார்த்து இறுக்குகிறவரின் பொறுமை அது. கடைசி முறுக்கை முடித்து நுனியைக் கீழே மடக்கிவிட்டார். ஹீட் சிங்க் போர்டோடு ஒன்றாக நின்றது.

மதியம் ஒன்றரை. மேற்குக் காற்று. மீன்தொட்டித் தெர்மாமீட்டர் 35.8. ஆறு கோரையும் முழுதாக ஓடவைக்கும் சோதனையைப் போட்டேன். எண் பழையபடி 19-ல்தான் தொடங்கியது. அந்தப் பொய்யை யாராலும் சரி செய்ய முடியாது, அது அப்படியே செய்யப்பட்டது. ஆனால் இந்த முறை மெல்ல ஏறியது. ஒரு நிமிடத்தில் 38. ஐந்து நிமிடத்தில் 46. பத்து நிமிடத்தில் 49-க்கு வந்து அங்கேயே நின்றுவிட்டது. அண்ணன் மஸ்கட்டில் போனை முகத்துக்கு அருகில் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தான். இருபது நிமிடம். அணையவில்லை.

“இப்ப எவ்ளோ பாப்பா?” என்றான்.

நான் திரையைப் படிக்கும் முன்பே அப்பா பெட்டிக்குள் கையை விட்டு, டேப் ஒட்டிய ஓரத்தில் இரண்டு விரலை வைத்தார். வைத்த வேகத்தில் எடுத்துக்கொண்டார். இரண்டு விரலையும் போனுக்கு நேரே காட்டினார்.

“சுடுதுடா,” என்றார். “நல்லா சுடுது.”